பதினோரு நாள் சிவப்பு

மணி வந்த முதல் நாளே அமலோற்பவம் டீச்சர் வகுப்பில் அழுதுவிட்டார். மணி என்றால் பள்ளிக்கூடத்தில் அடிக்கிற மணி இல்லை. நெற்றியோரத்தில் ஒட்டிக்கொள்கிற, சுண்டைக்காய் அளவிலான ஒரு கருவி. நடத்துகிற பாடம் மண்டைக்குள் போனால் பச்சையாக எரியும், போகாவிட்டால் சிவப்பாக எரியும், இரண்டுக்கும் நடுவில் மஞ்சள். அரசாங்க உத்தரவில் அதற்குப் 'புரிதல் காட்டி' என்று வாய் நிறையப் பெயர் வைத்திருந்தார்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கிற அந்த நடுநிலைப் பள்ளியின் பிள்ளைகள் ஒரே நாளில் அதை மணி ஆக்கிவிட்டார்கள்.

டீச்சர் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு நடத்துகிறவர். நடத்தி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். முப்பத்தைந்து வாயும் ஒரே ராகத்தில் "புரிஞ்சுது டீச்ச...ர்" என்று இழுக்கும். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடக்கிற சங்கதிதான். அன்றைக்கும் கேட்டார், அதே ராகம் வந்தது. ஆனால் ஏழாம் வகுப்பில் இருந்த முப்பத்தைந்து நெற்றிகளில் இருபத்தெட்டு சிவப்பாக எரிந்தன.

"இத்தன வருசமா என்னைய ஏமாத்திக்கிட்டா இருந்தீங்க?" என்று சத்தம் போட்டார். பிறகு, ஏமாற்றியது பிள்ளைகள் மட்டும்தானா என்று அவருக்கே தோன்றிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். முதல் பெஞ்சுப் பிள்ளைகள் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று மாதம் மணி நல்லதுதான் செய்தது. யாருக்கு எந்த இடத்தில் தட்டுகிறது என்று டீச்சருக்குக் கண்ணெதிரே தெரிந்தது. சிவப்பு எரிகிற பெஞ்சுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, வேறு மாதிரிச் சொல்லிப் பார்ப்பார். காலணிக்குக் கால் அளவெடுப்பது, சத்துணவு முட்டையை எண்ணுவது, சாதிச் சான்றிதழுக்கு அலைவது என்று ஒரு வாத்தியாரின் தலைமேல் ஏற்றிவைத்திருக்கிற இருபது வேலைகளுக்கு நடுவிலும் அந்த மூன்று மாதம் அவர் சந்தோஷமாக இருந்தார். வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னார். "இப்பதான் டீச்சர் ஆன மாதிரி இருக்கு."

அக்டோபரில் அடுத்த உத்தரவு வந்தது. இனிமேல் பரீட்சை கிடையாது, மணியின் பதிவே போதும். ஒரு பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் பச்சையானால்தான் அந்தப் பாடத்தை 'மூட' முடியும். மூடினால்தான் அடுத்த பாடம். எந்தப் பள்ளி எத்தனை பாடம் மூடியது என்று வெள்ளிக்கிழமைதோறும் மாவட்டம் முழுக்கப் பட்டியல் வெளியாகும்.

அந்த வாரம்தான் டீச்சர் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கிற பாடத்தை எடுத்தார். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பெருக்கினால் விடை. அவ்வளவுதான் பாடம். இரண்டு நாளில் முப்பத்துநாலு நெற்றி பச்சையாகிவிட்டது. மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் ஒன்று மட்டும் சிவப்பாகவே எரிந்தது.

பிரம்மசக்தி. பைபாஸ் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிற இசக்கிமுத்துவின் மகள். ஒல்லியாக, நகக்கண்ணில் கிரீஸ் கறையோடு வருகிற பிள்ளை. அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஏன் திருப்பிப் போடுதோம்?"

"அதான் விதி."

"விதி சரி டீச்சர். திருப்பிப் போட்டா ஏன் சரியா வருது?"

டீச்சர் கரும்பலகையில் தோசை வரைந்து காட்டினார். மறுநாள் காகிதத்தை மடித்துக் காட்டினார். அதற்கு மறுநாள், "அப்படித்தான்ட்டி. புத்தகத்துல போட்டிருக்குல்லா" என்றார். உண்மையைச் சொன்னால், டீச்சருக்கே தெரியாது. பி.எஸ்சி. கணிதம், பி.எட்., இருபத்திரண்டு வருஷ அனுபவம், எல்லாம் இருந்தும் அவரை இதுவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை.

விசித்திரம் என்னவென்றால், பிரம்மசக்திக்குக் கணக்குப் போடத் தெரியும். கொடுத்த பத்தும் சரி. நோட்டைப் பார்த்த தலைமையாசிரியர் சீனிராஜ் சாருக்குத் தலை சுற்றியது.

"எல்லாம் சரியாப் போட்டிருக்கா. பெறவு ஏன் டீச்சர் செவப்பு?"

"ஏன்னு தெரியணுமாம் சார்."

"எதுக்கு?"

டீச்சர் நோட்டை வாங்கி மூடி வைத்தார். சீனிராஜ் சார் கெட்டவர் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் பள்ளிக்கூடம் நாற்பதாவது இடத்திலிருந்து நூற்றுப்பத்துக்கு இறங்கியிருந்தது. மேலே இருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

நாள் ஆக ஆக வகுப்பே அந்தப் பிள்ளைக்கு எதிராகத் திரும்பியது. பாடம் நகராததால் எல்லோரும் அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. "உன்னாலதான்ட்டி" என்று பக்கத்தில் இருந்தவள் முன் பெஞ்சுக்கு மாறிப்போனாள். பிள்ளைகள் உள்ளங்கையால் தங்கள் நெற்றியை மறைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பையனின் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து, "ஒரு மக்குப் பிள்ளைக்காக எங்க பிள்ளைய எல்லாம் நிறுத்தி வைப்பீங்களோ?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாள். பிரம்மசக்தி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ கட்டம் கட்டமாகப் போட்டு அழித்துக்கொண்டிருந்தாள்.

பதினோராவது நாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போனபின், டீச்சர் அவளை மட்டும் வகுப்பில் நிறுத்தினார். அவர் செய்யப்போகிற காரியம் அவருக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கான பயிற்சி நாளில் வாத்தியார்கள் எல்லோருக்கும் ஒட்டிவிட்டு, ஒருவர் இரண்டு மணி நேரம் அறுத்துத் தள்ளினார். மற்றவர்கள் நெற்றியெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக எரிய, அமலோற்பவம் டீச்சரின் மணி மட்டும் பச்சையாகவே இருந்தது. கைதட்டி எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து மனசுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கும் மாதாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஏட்டி, கண்ண மூடிக்கிட்டே செய்யுத மாதிரி உனக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை ஏதாவது சொல்லு."

பிரம்மசக்தி யோசித்தாள். "பஞ்சர் ஒட்டத் தெரியும் டீச்சர்."

"எப்படி ஒட்டுவ?"

"ட்யூப்ப உருவணும். காத்தடிச்சுத் தண்ணித் தொட்டியில முக்கணும். எங்க குமிழி வருதோ அங்க அடையாளம் வைக்கணும். தொடச்சிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். சொல்யூசன் தடவிட்டு ஊதக் கூடாது, தன்னால காயணும்..."

சொல்லச் சொல்ல அவள் நெற்றியில் சிவப்பு மங்கி மஞ்சளாயிற்று. மஞ்சள் பச்சையாயிற்று.

"நாளைக்கு நான் நடத்தும்போது மனசுக்குள்ள இதையே சொல்லிக்கிட்டு இரு. கணக்கப் பத்தி யோசிக்காத."

"அப்ப நான் கேட்டது டீச்சர்?"

"அதப் பெறவு பாத்துக்கிடலாம்."

அந்தப் பிள்ளை அவமானப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் செய்தேன் என்று டீச்சர் பிற்பாடு தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டார். அது பொய் இல்லை. பாதி உண்மை. மீதிப் பாதி வெள்ளிக்கிழமைப் பட்டியல். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவருக்குக் கடைசிவரை துணிச்சல் வரவில்லை.

மறுநாள் முப்பத்தைந்தும் பச்சை. பாடம் மூடியது. பிள்ளைகள் மேஜையைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். முன் பெஞ்சுக்குப் போனவள் பழைய இடத்துக்கே திரும்பி வந்தாள். சீனிராஜ் சாருக்கு வாயெல்லாம் பல். பிரம்மசக்தி டீச்சரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். டீச்சரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவள் எந்தப் பாடத்திலும் சிவப்பாக எரியவில்லை. அறிவியல், தமிழ், சமூக அறிவியல் எல்லாமே பச்சை. கேள்வியும் கேட்கவில்லை. 'அதப் பெறவு பாத்துக்கிடலாம்' என்றது டீச்சருக்கு அவ்வப்போது ஞாபகம் வரும். பொங்கல் லீவில் பார்க்கலாம் என்று நினைத்தார், பொங்கல் போனது. பிறகு கணக்கெடுப்பு வேலை வந்தது. மார்ச்சும் போனது.

ஏப்ரலில் சென்னையிலிருந்து ரெஹானா என்று ஒரு பெண் வந்தாள். மணியின் பதிவுகளைப் படித்து ஆராய்கிற குழுவில் இருக்கிறவள். முப்பது வயதுகூட இருக்காது. சீனிராஜ் சார் ஒரு பொன்னாடையைத் தயாராக வாங்கி வைத்திருந்தார். அது யாருக்கு என்று அவருக்கே சரியாகத் தெரியாது. விருந்தாளிக்கும் ஆகும், டீச்சருக்கும் ஆகும் என்று நினைத்திருப்பார்.

ரெஹானா டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். பதினோரு சிவப்புக் கோடு, பிறகு எல்லாம் பச்சை. "மேடம், இந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"பொறுமையாச் சொல்லிக் குடுத்தேன்" என்றார் டீச்சர். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மணியை ஏமாற்றச் சொல்லிக்கொடுத்தால் சஸ்பெண்டு என்று உத்தரவிலேயே இருந்தது.

"நாங்க ஒரு தப்புப் பண்ணிட்டோம் மேடம்" என்றாள் ரெஹானா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "சிவப்புன்னா புரியலைன்னு எழுதிட்டோம். அது அப்படி இல்ல. சிவப்புன்னா மனசு இன்னும் தேடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். பச்சைன்னா தேடுறத நிறுத்திடுச்சுன்னு அர்த்தம். விடை கிடைச்சும் நிறுத்தலாம், போதும்னும் நிறுத்தலாம். மணிக்கு அந்த வித்தியாசம் தெரியாது."

சீனிராஜ் சார் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாதாரணமா ஒரு பிள்ளை ஒரு விஷயத்தை ஒரு நாள் தேடும், ரெண்டு நாள் தேடும். பத்து நாளைத் தாண்டினவங்க மாநிலம் முழுக்க நாற்பத்திரண்டு பேர்தான். அவங்களுக்குன்னு தனியா ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறோம் மேடம். தங்கிப் படிக்கலாம், எல்லாம் இலவசம். விடை முக்கியமில்லாத பள்ளிக்கூடம். உங்க பிரம்மசக்தி அதுல ஒருத்தி. பார்க்கலாமா?"

சீனிராஜ் சார் ஆள் அனுப்பினார். பிரம்மசக்தி வந்து நின்றாள். தலையைப் படிய வாரி, கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே நல்ல பிள்ளையாக நின்றாள்.

"பயப்படாதம்மா. விடை சொல்ல வேண்டாம், யோசிச்சா போதும். இந்த மாவட்டத்துல ஒரே எண்ணிக்கையில தலைமுடி இருக்கிற ரெண்டு பேர் கண்டிப்பா இருப்பாங்களா? யாரோட முடியையும் எண்ணாமலேயே எப்படிச் சொல்லலாம்?"

கேள்வி முடிவதற்குள் மணி பச்சையாக எரிந்தது. கொஞ்சங்கூட ஆடாத பச்சை.

"தெரியல மேடம்."

"பரவாயில்ல. யோசி."

பிரம்மசக்தி சுவரைப் பார்த்தாள். அவள் உதடு லேசாக, சத்தமில்லாமல் அசைந்தது. ட்யூபை உருவி, தண்ணீரில் முக்கி, குமிழி பார்த்து... டீச்சருக்கு ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிற மாதிரி இருந்தது. ரெஹானா இன்னும் இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டுக்கும் பச்சை, இரண்டுக்கும் "தெரியல மேடம்."

"சரிம்மா, நீ போ" என்றாள் ரெஹானா. பிள்ளை வெளியே போனதும் டேப்லெட்டை மூடினாள். "அந்தப் பதினோரு நாள் கருவிக் கோளாறா இருக்கும்னு எழுதிக்கிறேன்."

அப்போதாவது டீச்சர் வாயைத் திறந்திருக்கலாம். எதிரே சீனிராஜ் சார் உட்கார்ந்திருந்தார். டீச்சரின் மகளுக்குக் காலேஜ் முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அவர் திறக்கவில்லை. ரெஹானாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், கார் போய்விட்டது.

மூன்று நாள் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது நாள், பள்ளிக்கூடம் விட்டு ஆளெல்லாம் போனபின், ஸ்டாஃப் ரூமிலிருந்து ரெஹானாவுக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு நேரம், பஞ்சர், ஜெபமாலை, வெள்ளிக்கிழமைப் பட்டியல், ஒன்றையும் மறைக்கவில்லை. என்ன தண்டனை என்றாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அந்தப் பக்கம் டேப்லெட்டை எடுத்துத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மேடம்" என்றாள் ரெஹானா. "நாற்பத்திரண்டு பேர்ல முப்பத்தொன்பது பேரைப் பார்த்துட்டேன். முப்பத்தொன்பதும் பச்சை. எல்லா ஊர்லயும் உங்கள மாதிரி இரக்கப்பட்ட ஒரு டீச்சர் இருந்திருக்காங்க."

டீச்சர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"உங்க மேல நான் எதுவும் எழுதப்போறதில்ல. பட்டியல் போடுறதுன்னு முடிவு பண்ணின கூட்டத்துல நானும் இருந்தேன், கைதூக்கினேன். ஜூன் வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் வச்சிருக்கேன். அவ மறுபடியும் ஒரே ஒரு தடவை ஏன்னு கேட்டான்னா எனக்குப் போன் பண்ணுங்க. மணியெல்லாம் வேண்டாம். நீங்க சொன்னா போதும்."

லீவு விட்டதும் மணிகளைப் பிரித்து எடுத்துப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். டீச்சர் அடுப்படியில் ஒரு செம்பையும் இரண்டு டம்ளர்களையும் வைத்துக்கொண்டு ஏன் திருப்பிப் போடுகிறோம் என்ற அந்தக் கேள்வியோடு உட்கார்ந்தார். முதல் வாரம் ஒன்றும் பிடிபடவில்லை. தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்தார். வீட்டுக்காரர், "பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிடிபடாத ஒன்றோடு இத்தனை நாள் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு இந்த ஐம்பது வயதில்தான் தெரிந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வகுப்பே சிரிக்க, பதினோரு நாள் அதோடு இருந்திருக்கிறாள்.

பதினைந்தாவது நாள் பிடிபட்டது. ஒரு செம்புத் தண்ணீரை, முக்கால் செம்பு கொள்கிற டம்ளரில் ஊற்றினால் ஒரு டம்ளர் நிறைந்து கால் செம்பு மிஞ்சும். அந்தக் கால் செம்பு அடுத்த டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, ஒன்றை முக்காலால் வகுத்தால் ஒன்றும் மூன்றில் ஒன்றும், அதாவது மூன்றில் நான்கு டம்ளர். நான்கில் மூன்று தலைகீழாகத் திரும்பி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு செம்புக்கு இவ்வளவு என்றால் எத்தனை செம்பு இருக்கிறதோ அத்தனை மடங்கு. அதற்குத்தான் பெருக்குவது. டீச்சர் அடுப்படியில் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். உடனே கிளம்பிவிட்டார். செம்பையும் டம்ளர்களையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கேள்வியை மறுபடி எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டால் போதும், மீதியை அவளே பார்த்துக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனார்.

பஞ்சர் கடையில் பிரம்மசக்தி மட்டும்தான் இருந்தாள். "வாங்க டீச்சர். அப்பா டயர் எடுக்கப் போயிருக்காவ" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உன் கேள்விக்குப் பதில் கண்டுபிடிச்சிட்டேன்ட்டி" என்றார் டீச்சர், மூச்சு வாங்க.

"எந்தக் கேள்வி டீச்சர்?"

டீச்சர் சொன்னார். ஏன் திருப்பிப் போடுகிறோம், திருப்பிப் போட்டால் ஏன் சரியாக வருகிறது. பதினோரு நாள் கேட்டாயே, நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமாகப் போட்டாயே என்றார்.

"நானா கேட்டேன்?" என்று பிரம்மசக்தி சிரித்தாள். வேறு யாரைப் பற்றியோ சொல்லக் கேட்டது மாதிரி அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "அந்தக் கணக்கு நல்லா வரும் டீச்சர் எனக்கு. எதைக் குடுத்தாலும் போட்டுருவேன்."

டீச்சர் செம்பை வெளியே எடுத்தார். பஞ்சர் பார்க்கிற தொட்டியிலிருந்தே தண்ணீர் மொண்டு, முக்கால் செம்பு டம்ளரில் ஊற்றிக் காட்டினார். வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினார். ஒரு இடத்தில் தப்பாகக்கூடச் சொல்லிப் பார்த்தார். அவள் நெற்றியைப் பார்த்தார். மணி இல்லாத வெறும் நெற்றியைப் பார்த்து ஒன்றையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் முகத்தை வைத்தே கொஞ்சமாவது சொல்லியிருப்பார், அந்தப் பழக்கமும் விட்டுப்போயிருந்தது.

பிரம்மசக்தி கையைக் கட்டிக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாக நின்று கேட்டாள். தப்பாகச் சொன்ன இடத்திலும் தலையை ஆட்டினாள். டீச்சர் முடித்துவிட்டுக் காத்திருந்தார். ரோட்டில் இரண்டு லாரி போயிற்று. அவள் செம்பைக் கழுவித் துடைத்து, டம்ளர்களை அதற்குள் அடுக்கி, பையில் வைத்து டீச்சர் கையில் கொடுத்தாள். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.